கோல் யார் கையில்?

2012 செப்டம்பர் 9 இரவு. லண்டன் பாராலிம்பிக்ஸ் நிறைவு விழா. 80,000 பேர் கொள்ளும் அரங்கில் கோல்ட்ப்ளே குழுவோடு சேர்ந்து ஓர் இசைக்குழு வாசித்தது. பெயர் பாரா ஆர்கெஸ்ட்ரா. முழுக்க மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு, தொழில்முறையில் உருவாக்கப்பட்ட குழு. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். மன உறுதி என்றார்கள், தன்னம்பிக்கை என்றார்கள். மறுநாள் காலை அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நேற்று வாசித்த அந்தக் கலைஞர்களுக்கு இன்று போக ஒரு வேலை இருக்கிறதா என்று நெகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? அந்தக் கவலை குழுவை நடத்தியவர்களின் தலையில்தான் விழுந்தது. இந்தத் தலையங்கம் அவர்களைப் பற்றியது. அவர்களைப் பாராட்டவும், அவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கவும் எழுதப்படுகிறது.

பாரா ஆர்கெஸ்ட்ராவை 2011இல் தொடங்கியவர் சார்ல்ஸ் ஹேசல்வுட் என்ற இசை நடத்துநர். சாதாரண ஆள் இல்லை. 1995இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்திய இசை நடத்துநர் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், இசைக் கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாதிருந்த கறுப்பினப் பாடகர்களைத் திரட்டிய குழு ஒன்றுக்கு இசை இயக்குநராக இருந்தார். அந்தக் குழு பிசேயின் ‘கார்மென்’ ஆபராவைக் கேப்டவுனின் கயேலிட்ஷா குடியிருப்பில் நடப்பதாக மாற்றி, கோசா மொழியில் எடுத்த படம் 2005இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதை வென்றது. யார் யார் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று தேடிப்போய்ப் பார்த்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

அப்படிப்பட்டவர் கண்ணிலும் ஒன்று படவில்லை. உலகத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களோடு வேலை செய்த இருபது ஆண்டுகளில், தம் எதிரே அமர்ந்து வாசித்த மாற்றுத்திறனாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. தம்முடைய மகள் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிறகுதான் உறைத்தது. இதை மறைக்காமல் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் அந்தத் தொழிலுக்கு இது தலைகுனிவு. ஒவ்வோர் இசை நடத்துநர் வீட்டிலும் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை பிறக்கும்வரை யாரும் காத்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் கூட்டிய முதல் குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள். கிளாரன்ஸ் அடூ, நார்தர்ன் சின்ஃபோனியா இசைக்குழுவின் டிரம்பெட் கலைஞராக இருந்தவர். 1995இல் நடந்த கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூச்சும் தலையசைவும் மட்டும் மிஞ்சின. இசையமைப்பாளர் ரோல்ஃப் கெல்ஹார், அந்த மூச்சையும் தலையசைவையும் வைத்தே வாசிக்கக்கூடிய ‘ஹெட்ஸ்பேஸ்’ என்ற மின்னணு வாத்தியத்தை அவருக்காக உருவாக்கினார். லின் லெவெட் மூளை முடக்குவாதம் உள்ளவர். ஐபேடின் திரையை மூக்கால் தொட்டு இசையமைப்பவர். நிக்கலஸ் மெக்கார்த்தி வலது கை இல்லாமல் பிறந்த பியானோ கலைஞர். 2012இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் பட்டம் பெற்றார். இடது கை மட்டும் கொண்டு அங்கே பட்டம் பெற்ற முதல் பியானோ கலைஞர் அவர்தான். உத்தரப் பிரதேசத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையிழந்து, பின்னர் பிரிட்டனில் குடியேறிய சிதார் கலைஞர் பாலுஜி ஸ்ரீவாஸ்தவும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மூச்சால் வாசிக்கும் ஒரு மின்னணுக் கருவி, ஓர் ஐபேட், ஒரு சிதார், ஒற்றைக் கைப் பியானோ, கிளாரினெட். இப்படிப்பட்ட கூட்டுக்கென்று பீத்தோவனும் எழுதிவைக்கவில்லை, பிராம்ஸும் எழுதிவைக்கவில்லை. வாசிக்க ஒரு பக்கம்கூடக் கையில் இல்லாமல்தான் குழு ஆரம்பித்தது. ஆளைப் பார்த்துப் பாட்டு எழுத வேண்டியிருந்தது. இது தரத்தைத் தளர்த்தும் வேலை என்று முணுமுணுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை.

பால் விட்கென்ஸ்டைன் என்ற வியன்னா பியானோ கலைஞர் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். அப்பா இரும்புத் தொழிலில் கொழித்த பெரும் பணக்காரர். அண்ணன் என்ன செய்தார்? ராவெல், புரோகோஃபியெவ், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பிரிட்டன் என்று அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர்களிடமெல்லாம் காசைக் கொடுத்து, இடது கைக்கு மட்டும் எழுதித் தரச் சொன்னார். புரோகோஃபியெவ் எழுதித் தந்தது பிடிக்கவில்லை என்று அதை வாசிக்காமலேயே ஓரத்தில் வைத்தார். ராவெல் எழுதிய இடது கைக் கான்செர்டோ 1932இல் வியன்னாவில் அரங்கேறியது. இன்று இரண்டு கையும் உள்ள பியானோ கலைஞர்களே அதை வாசித்துக் காட்டிப் பெயர் வாங்குகிறார்கள். ஓர் உடலுக்கு ஏற்ப இசை வளைந்து கொடுத்ததை அன்று யாரும் சலுகை என்று சொல்லவில்லை. கேட்டவரிடம் பணம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். பிரிஸ்டல் நகரிலிருந்து இன்று பாரா ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்கள் கோடீஸ்வர வாரிசுக்குக் கிடைத்ததை வாடகை வீட்டில் இருக்கும் கலைஞருக்கும் வாங்கித் தர முயல்கிறார்கள். இதில் நியாயத்தின் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல நமக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

நடத்துவது என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோலை வீசுவது அதில் சின்னப் பங்கு. ஒத்திகைக்கு ஒரு மாதம் முன்பே இசைக்குறிப்பை ஒருவருக்குப் பெரிய எழுத்தில், ஒருவருக்குப் பிரெய்லில், ஒருவருக்கு ஒலிப்பதிவாக அனுப்ப வேண்டும். பிரெய்ல் இசைக்குறிப்பு விசேஷமானது. லூயி பிரெய்லே ஆர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே இசைக்கும் புள்ளிகள் வகுத்திருந்தார். ஆனால் விரலால் தடவிப் படிக்கும் கையால் அதே நேரத்தில் வயலின் வாசிக்க முடியாது. முழுவதையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் வேண்டும். கூடுதல் நாளுக்குக் காசு வேண்டும். நடத்துநரின் கையைப் பார்க்க முடியாதவர், பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சை இழுக்கும் ஒலியைப் பிடித்துக்கொண்டு நுழைவார். ஆகவே யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதே தனிக் கலை. காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சீக்கிரம் களைத்துவிடும் உடல் உள்ளவருக்கு இடைவேளைகள் வேண்டும். சிலருக்கு உதவியாளர் கூடவே வர வேண்டும். அவருக்கும் ரயில் டிக்கெட், அவருக்கும் அறை.

அப்புறம் அரங்கு. ஐரோப்பாவின் பழைய இசையரங்குகள் பலவற்றில் சக்கர நாற்காலியில் வரும் ரசிகருக்கு இன்று இடம் இருக்கிறது. சட்டம் பயமுறுத்தியதால் வந்த இடம். சக்கர நாற்காலியில் வரும் கலைஞருக்கு? மேடைக்குப் போகும் வழி பின்பக்கத்துக் குறுகலான படிக்கட்டாக இருக்கும். ஒப்பனை அறை நிலவறையில் இருக்கும். மாற்றுத்திறனாளி என்றால் டிக்கெட் வாங்கிக் கேட்க வருபவர், வாசிக்க வருபவர் ஆக மாட்டார் என்று கட்டடமே முன்கூட்டித் தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்போடு அரங்கு அரங்காக மல்லுக்கட்டுவது குழு மேலாளரின் அன்றாட வேலை. எந்த நிகழ்ச்சி நிரலிலும் இது அச்சாவதில்லை.

பணத்துக்கு வருவோம். இந்தக் குழு ஊதியம் தரும் தொழில்முறைக் குழு. கேட்கச் சின்ன விஷயம் போலத் தோன்றும். அறத்தின் முழுக் கனமும் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. மாற்றுத்திறனாளிகளின் கலைக்கு இலவச மேடை தருவோர் உலகமெங்கும் நிறைய. மேடை தருவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குக் காசு தர மாட்டார்கள். அந்தப் புகைப்படத்தில் உண்மையான பயனாளி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வயலின் கலைஞருக்குத் தரும் அதே சம்பள விகிதத்தைச் சக்கர நாற்காலியில் இருக்கும் வயலின் கலைஞருக்கும் தருவதுதான் மரியாதை. மற்றது எல்லாம் விழா.

அந்த விகிதத்தைத் தருவது லேசும் இல்லை. பிரிட்டனில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு உதவியாளர், கருவி, பயணம் ஆகியவற்றுக்கு அரசு பணம் தரும் ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கிக்கிடப்பது அந்த நாட்டு நாடாளுமன்றத்திலேயே எழுப்பப்பட்ட புகார். கச்சேரித் தேதி தேங்கி நிற்காதே. குழுவை நடத்துபவர் அந்த இடைவெளியைத் தம் கைப்பணத்தாலோ கெஞ்சிப் பெற்ற நன்கொடையாலோ நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பணக்கார நாடு சட்டப்படி தர வேண்டியதைத் தாமதித்துவிட்டு, அதே குழுவைத் தன் தேசியப் பெருமையாக உலகத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டது. இதற்குக் கௌரவமான பெயர் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

இனி, கேட்க வேண்டிய கணக்கு. மாற்றுத்திறனாளிகளின் குழு என்று பேர் பெற்ற ஒன்றைத் தொடங்கியவர் மாற்றுத்திறனாளி அல்லாத, ஏற்கெனவே புகழ்பெற்ற, பிரிட்டிஷ் ஆண். தொடங்குவதற்கு அந்தப் புகழ் தேவைப்பட்டது என்பது உண்மை. அவர் போன் செய்தால் எடுத்துப் பேசுவார்கள். லின் லெவெட் கூப்பிட்டிருந்தால் எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? ஆனால் தொடங்கும்போது தேவைப்பட்ட ஏணி காலமெல்லாம் சுவரில் சாய்ந்தே இருக்க வேண்டும் என்று இல்லை. இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றை எடைபோட நாம் வைக்கும் கேள்வி இதுதான்: முடிவெடுக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள்? எந்த இசையை வாசிப்பது, யாரைச் சேர்ப்பது, பணத்தை எதில் போடுவது என்று தீர்மானிப்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? பாரா ஆர்கெஸ்ட்ரா இதில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பார்வையும் செவித்திறனும் குறைந்த லாய்ட் கோல்மன் ஆரம்ப நாட்களில் கிளாரினெட் வாசிக்க வந்தவர். குழுவுக்கு எழுதித் தரும் இசையமைப்பாளராக வளர்ந்து, துணை இசை இயக்குநர் பொறுப்புக்கும் வந்தார். நல்ல நகர்வு. ஒருவரோடு நின்றுவிட்டால் போதாது.

போர்ன்மத் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தது. 1893இல் தொடங்கிய, இங்கிலாந்தின் தென்கரை இசைக்குழு அது. மூளை முடக்குவாதம் உள்ள ஜேம்ஸ் ரோஸ் என்பவரை இசை நடத்துநராகப் பயிற்றுவித்து, அவர் தலைமையில் ‘ரெசவுண்ட்’ என்ற சிறு குழுவை 2018இல் அமைத்தது. அந்த ஆகஸ்டிலேயே பிபிசி ப்ராம்ஸ் விழாவில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்கள் வாசித்தார்கள். ரோஸின் கோல் அவர் கையில் இல்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. தலையசைவால் தாளம் காட்டுகிறார். நாங்கள் இவர்களுக்கு உதவுகிறோம் என்று வெளியே ஒரு தொண்டுக் கிளை வைக்காமல், சொந்த வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைத் திறந்து, சாவியையும் ரோஸிடம் கொடுத்தது போர்ன்மத். இந்த இரண்டாவது பாதிதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த தலைமுறைக்கான வேலையும் பிரிஸ்டலிலிருந்தே நடக்கிறது. ‘ஓப்பன் அப் மியூசிக்’ என்ற அமைப்பு 2018இல் 11 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு ஒரு தேசிய இளைஞர் இசைக்குழுவைத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் தலைமையேற்கும் உலகின் முதல் தேசிய இளைஞர் இசைக்குழு அது. மற்ற இளைஞர்களும் கூட இருந்து வாசிக்கிறார்கள். அங்கே புழங்கும் ‘கிளேரியன்’ என்ற வாத்தியத்தைக் கண்ணசைவால்கூட வாசிக்கலாம். பர்மிங்ஹாமில் 2011 முதல் இயங்கும் ஓர் அறக்கட்டளை ஒற்றைக் கையால் வாசிக்கக்கூடிய குழல்களையும் பிற வாத்தியங்களையும் வடிவமைப்போருக்குப் போட்டி வைத்து, அவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் சேர்க்கிறது. பத்து விரலும் இருப்பவருக்காகவே வாத்தியங்கள் செய்யப்பட்டுவந்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறார்கள். சரியான இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 25 வயதில் ஒருவரை மேடையேற்றுவதற்கு 8 வயதில் அவருக்கு ஒரு வாத்தியம் கிடைத்திருக்க வேண்டும்.

தனிக்குழு வைப்பதே ஒதுக்குவதுதானே என்று ஒரு வாதம் இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள், அவர்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதே, அங்கே போகட்டும் என்று கைகழுவ இது வசதி. அந்த வசதியை அவை அனுபவித்துக்கொண்டும் இருக்கின்றன. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் எதிரான பாகுபாட்டைத் தடுக்க, அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் 1970கள் முதல் பரவலாகத் திரை கட்டித் தேர்வு நடத்தத் தொடங்கின. வாசிப்பவர் முகம் நடுவருக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு பார்வையற்ற கலைஞர் நிற்கிறார் என்று வையுங்கள். முன்பின் பார்த்திராத இசைக்குறிப்பை நீட்டி, பார்த்தவுடன் வாசி என்றால் அவர் என்ன செய்வார்? திரை அவரைக் காப்பாற்றாது. வாசலில் காவல் நிற்பது தேர்வுமுறைதான். அதை மாற்றும் அதிகாரம் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிடம் இருக்கிறது, பாரா ஆர்கெஸ்ட்ராவிடம் இல்லை. எவலின் கிளென்னி 1982இல் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்குக்கு விண்ணப்பித்தபோது, காது கேளாத இசைஞருக்கு எதிர்காலம் இல்லை என்று முதலில் நிராகரித்தார்கள். அவர் விடவில்லை. திரும்ப வாசித்துக் காட்டி இடம் பிடித்தார். அதன் விளைவாக, அந்தக் காரணம் சொல்லி யாரையும் கதவடைக்கக் கூடாது என்ற நிலை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இன்று உலகம் போற்றும் தாளக் கலைஞர். நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்னும் நிரந்தர இருக்கைகளில் மாற்றுத்திறனாளிகளைத் தேட வேண்டியிருக்கிறது என்றால், குற்றவாளிக் கூண்டில் தனிக்குழு நடத்துபவர்களை நிறுத்துவது அநியாயம். நிற்க வேண்டியவர்கள் நூறாண்டு, நூற்றைம்பது ஆண்டுப் பெருமை பேசும் ஆர்கெஸ்ட்ராக்களின் நிர்வாகிகள்.

பாரா ஆர்கெஸ்ட்ரா இந்த ஒதுக்கல் வாதத்துக்குத் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் கலந்து வாசிக்கும் குழுவாக அது மாறிவிட்டது. 2016 கிளாஸ்டன்பரி விழாவில், டேவிட் போவி இறந்த அந்த ஆண்டில், போவியின் இசையிலிருந்து பிலிப் கிளாஸ் எழுதிய ‘ஹீரோஸ்’ சிம்பொனியை நள்ளிரவில் அப்படித்தான் கலந்து வாசித்தார்கள். 2018இல் வந்த ‘தி நேச்சர் ஆஃப் வொய்’ நிகழ்ச்சியில் நாற்காலி வரிசையே கிடையாது. ரசிகர்களும் கலைஞர்களும் நடனக்காரர்களும் ஒரே தரையில் நடமாடினார்கள். யார் பார்க்க வந்தவர், யார் பார்க்கப்படுபவர் என்ற கோடு அழிந்துபோனது. மாற்றுத்திறனாளியைத் தூரத்திலிருந்து பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு அங்கே தூரமே இல்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் உண்டு. கெய்ரோவில் 1954இல் தொடங்கிய ‘அல் நூர் வல் அமல்’ சங்கம், 1960களிலிருந்து பார்வையற்ற பெண்களைக் கொண்ட ஓர் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறது. பிரெய்லில் படித்து, மனப்பாடம் செய்து, எதிரே கோல் வீசும் நடத்துநர் யாரும் இல்லாமல் மேடையில் மொசார்ட் வாசிக்கிறார்கள். பல நாடுகளுக்குப் போய் வாசித்திருக்கிறார்கள். பிரிஸ்டல் குழு இசையை ஆளுக்கேற்ப மாற்றுகிறது. கெய்ரோ குழு இசையை ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல், அதை அடையும் வழியை மாற்றுகிறது. எகிப்தில் அந்தக் காலத்தில் பார்வையற்ற பெண்ணுக்குப் பெரும்பாலும் படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது என்பதை மனதில் வைத்துப் பார்த்தால், எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து, மேலே ஓர் ஆர்கெஸ்ட்ராவையும் கட்டிய அந்தப் பெண்களின் துணிவு பிரமிக்க வைக்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் இருக்கட்டும் என்போம். சாக்குப்போக்குச் சொல்லி இரண்டையும் செய்யாதவர்களோடுதான் நமக்குச் சண்டை.

இந்தக் குழுக்களை விமர்சிக்கும் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல கச்சேரியை நல்ல கச்சேரி என்று எழுதுங்கள். சுருதி விலகியிருந்தால் விலகியது என்று எழுதுங்கள். வாசித்தவரின் உடலைப் பற்றி மூன்று பத்தி, வாசித்த இசையைப் பற்றி ஒரு வரி என்று எழுதுவது இரக்கத்தின் பேரில் செய்யும் அவமரியாதை. ஹேனா பீல் இசையமைத்து, பாரா ஆர்கெஸ்ட்ரா வாசித்து 2022இல் வெளிவந்த ‘தி அன்ஃபோல்டிங்’ இசைத்தொகுப்பைக் கண்ணை மூடிக் கேட்டால், அதை வாசித்தவர்களில் யாருக்கு என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழுவை நடத்துபவர்கள் கேட்பதும் அந்தக் காதைத்தான்.

பிரிஸ்டலும் கெய்ரோவும் நமக்கு வெகு தூரம் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டுக்குத் தனி மேதைகளைக் கொண்டாடத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புல்லாங்குழலைக் கர்நாடக இசைக் கச்சேரியின் முதன்மை வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரி பார்வையற்றவர். வயலின் மேதை எம். சந்திரசேகரன் பார்வையற்றவர். 2005இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். தனி ஒருவர் மலையை ஏறி வந்துவிட்டால் மாலை போடுவோம். ஏறுவதற்கு நாம் ஒரு பாதை வெட்டியதுண்டா? பார்வையற்றோர் இன்னிசைக் குழுக்கள் பேருந்து நிலையங்களிலும் ரயில்களிலும் ஒலிபெருக்கியையும் உண்டியலையும் வைத்துக்கொண்டு பாடுவதைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் நல்ல குரல் உள்ளவரை, நல்ல கை உள்ளவரை எந்தச் சபா தேடிப் போனது? மாற்றுத்திறனாளிகள் தங்கள் கலைத்திறனைத் தங்களுக்காக மட்டுமின்றிச் சமூகம் வளம் பெறவும் வளர்த்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்கிறது 2006இன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு. 2007இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தர வேண்டும் என்று நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. சட்டத்தில் குறை இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அரங்கு அரங்காக ஏறி இறங்க ஆள் இல்லை. ஹேசல்வுட்டிடமும் ரோஸிடமும் கெய்ரோப் பெண்களிடமும் நாம் கற்க வேண்டியது அந்த ஏறி இறங்குதலைத்தான்.

மார்கழி சீசனுக்கு நிகழ்ச்சி நிரல் போடும் சபாச் செயலாளர்களுக்கு இந்த இதழின் வேண்டுகோள் இது. உங்கள் மேடைக்குப் பின்பக்கம் ஒரு சாய்தளம் போடுங்கள். தேர்வுக் குழுவில் மாற்றுத்திறனாளிக் கலைஞர் ஒருவரைச் சேருங்கள். அவர்களுக்கான கச்சேரியை மற்ற வித்வான்களுக்குத் தரும் அதே நேரத்தில், அதே சன்மானத்தில் வையுங்கள். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். தயவுசெய்து அன்றைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.